மலேசியா அப்பா

மனப்பாடம் செய்ய வைப்பதில் என்னை மிஞ்ச எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. இதை நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் பிள்ளைகள் பதில் சொல்லும். கேள்வியை நான் முடிப்பதற்குள் பதில் வந்துவிட வேண்டும், யோசித்துச் சொன்னால் அது மனப்பாடமே இல்லை என்பது என் கட்சி. அந்த வித்தையைத்தான் என் தம்பி மகளிடம் காட்டினேன்.

தம்பி ஜெயிலில் இருக்கிறான். ஆயுள் தண்டனை. திருவாதவூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. வரப்பில் ஆரம்பித்த வாய்ச்சண்டை மண்வெட்டியில் போய் முடிந்தது. செத்துப்போனவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தம்பி செய்ததை நான் ஒரு நாளும் நியாயம் என்று சொன்னதில்லை, அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் மகள் என்ன செய்தாள்? நாலு வயதில் தாயைக் காய்ச்சலுக்குக் கொடுத்தாள், எட்டு வயதில் தகப்பனை ஜெயிலுக்குக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் யாரையும் உட்காரவிடவில்லை என்று கேள்விப்பட்ட அன்றைக்கே பஸ் ஏறிப் போய், கிடைத்த துணியைப் பையில் அடைத்துக் கூட்டிவந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால்தான் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும்.

கூட்டிவந்த முதல் வாரத்திலேயே மலேசியாவைக் கண்டுபிடித்தேன். எதிர்வீட்டு அக்கா நல்ல மனுஷிதான், ஆனால் அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது வரைக்கும் அவளுக்குக் கணக்குத் தெரிய வேண்டும். கோலம் போட்டுக்கொண்டே, பிள்ளையோட அப்பா என்ன செய்கிறார் டீச்சர் என்று கேட்டாள். என் வாய் தன்னால் மலேசியா என்றது. துபாய் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் எங்கள் தெருவில் மூன்று வீட்டு ஆட்கள் துபாயில் இருக்கிறார்கள், விசாரித்துவிடுவார்கள். அந்த அரை நிமிஷத்தில் இம்புட்டு யோசித்த புத்தி, இதை எத்தனை வருஷம் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலமே பாடம் ஆரம்பித்தது. அப்பா எங்க இருக்காரு? மலேசியாவுல. என்ன வேலை? பனை எண்ணெய்த் தோட்டத்துல சூப்பர்வைசர். எப்ப வருவாரு? லீவு கிடைக்கிறப்ப. யாராச்சும் அப்பா பேரைச் சொல்லிக் கேட்டா? அப்படி யாரும் எங்க வீட்டுல இல்ல, எங்களுக்குத் தெரியாது.

இந்தக் கடைசிப் பதிலுக்கு மட்டும் காரணம் வேறு. தீர்ப்பு வந்த அன்று, செத்துப்போனவரின் ஆட்கள் கோர்ட் வாசலில் என்னை மறித்து, பிள்ளை இனிமேல் எங்கே இருக்கும் என்று கேட்டார்கள். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால், அப்பா பேரைச் சொல்லி விசாரிக்கிறவன் நமக்கு ஆகாதவன் என்று அவளுக்கு அழுத்தமாகச் சொல்லிவைத்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நான் எடுப்பதே இல்லை என்று ஆனதும் அப்போதிருந்துதான்.

முதல் நாள் அவள் அழுதாள். "அப்பா ஜெயில்லதான இருக்காரு அத்தே?" என்று கேட்டாள்.

"நமக்குத் தெரியும்ல, போதும். ஊருக்கு எதுக்குத் தெரியணும்?" என்றேன்.

ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். ஒரு மாதத்தில் என்னையே மிஞ்சிவிட்டாள். எதிர்வீட்டு அக்காவிடம், அங்கே இப்போது ஏழரை மணி ஆன்ட்டி, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்பாள். நம் கடிகாரத்தில் அப்போது சரியாக ஐந்து மணி. இரண்டரை மணி நேர வித்தியாசத்தை எங்கிருந்தோ படித்து வைத்திருந்தாள். ஜெயிலிலிருந்து தம்பி பேசும்போது மதுரை நம்பர்தான் வரும். அதை என் செல்லில் "மலேசியா அப்பா" என்று அவளே பதிந்து வைத்தாள். பார்த்துச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மாதம் இரண்டு தடவை அவனைப் பார்க்கப் போவோம். ஜெயிலில் ஆளைப் பார்ப்பதற்கு முதலில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். அதனால் அங்கே நிற்கிற எல்லோருக்கும் அது மனுப் பார்ப்பதுதான். தெருவில் கேட்டால் கோயிலுக்குப் போகிறோம் என்போம். அந்தப் பொய்யாவது முழுப் பொய்யாக இருக்க வேண்டாம் என்று திரும்பும் வழியில் கோயிலுக்குள் நுழைந்து, குங்குமம் வாங்கிக்கொண்டு வருவோம். எங்கள் தெருமுனைக்கு வந்ததும் பிள்ளை அந்தக் காகிதத்தைப் பிரித்து, எக்கி நின்று என் நெற்றியில் வைத்துவிடுவாள். இப்போதுதான் கோயிலுக்குப் போன முகமாக இருக்கிறது அத்தே என்று சிரிப்பாள். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அது தவறியதில்லை. கடைசியில் எக்க வேண்டிய அவசியமே இல்லாமல் என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள்.

மனு வரிசையில் ஒரு பெண் எனக்குப் பழக்கம். யூனிபார்ம் போட்ட இரண்டு பையன்களோடு வருவாள். எந்தத் தின்பண்டத்தை உள்ளே விடுவார்கள், எந்த மேஜையில் முதலில் கையெழுத்து என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். எங்கள் மலேசியாவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவள் சிரிக்கவில்லை. "மறைச்சு மறைச்சு எம்புட்டு நாளைக்கு டீச்சர்? நான் ஊர்ல சொல்லிட்டேன். நாலு மாசம் ஏசுனாக, அப்பறம் ஓஞ்சு போயிட்டாக" என்றாள். உனக்கென்னம்மா, நீ என்ன தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராகவா இருக்கிறாய் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

அவள் சொன்னது சரிதான் என்று உறைப்பதற்குள் நான் கழுத்து வரைக்கும் மாட்டிக்கொண்டிருந்தேன். மலேசியாவிலிருந்து தம்பி ஒன்றும் அனுப்பவில்லையா என்று தெருவில் கேட்டுவிட்டார்கள். டவுனில் ஃபாரின் சாமான் விற்கிற கடை ஒன்றில் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் வாங்கிவந்து, மேலே ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்கா அடுத்ததாகத் தன் மகனுக்கு அங்கே ஒரு வேலை பார்த்துத் தரச் சொன்னாள். அதைச் சமாளிக்க மூன்று மாதம் ஆயிற்று. சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினேன், வாய் தவறி யாராவது கேட்டுவிடுவார்களோ என்று. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினேன். தெருப்பக்க ஜன்னல் திறந்திருந்தால் வீட்டில் அவன் பேச்சே எடுக்கமாட்டோம், வெயில் காலத்தில் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்த்து வழிய உட்கார்ந்து பேசுவோம். சில நாள் எனக்கு மூச்சு முட்டும். யார்மேல் என்று தெரியாமல் கோபம் வரும். பாவம், பெரும்பாலும் என் வீட்டுக்காரர்மேல்தான் விழும்.

பிள்ளை பதிமூன்று வயதில் பெரியவளானாள். ஆவணிக் கடைசியில் சின்ன மண்டபமாகப் பிடித்துச் சடங்கு வைப்பது என்று முடிவாயிற்று. தாய்மாமன் சீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார். அதற்கு முந்திய மனுவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தகப்பனிடம் அவளே விஷயத்தைச் சொன்னாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அன்னைக்கு நீங்க வந்து எனக்குத் துன்னூறு பூசிவிடணும்ப்பா. அம்மாவுந்தான் இல்ல" என்றாள். ஐந்து வருஷத்தில் அவள் அவனிடம் முதன்முதலாகக் கேட்டது அதுதான்.

"வாரேன் தாயி. கண்டிப்பா வாரேன்" என்றான்.

அதற்கு அடுத்த வாரமே லீவுக்கு எழுதிப்போட்டான். சில நாள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிற லீவு. போனில் எனக்குத்தான் விவரம் சொன்னான். வீட்டுக்கு ஒரு ஆபீசர் விசாரிக்க வருவார், வரட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்க்கா என்றான். பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான். கிடைக்காமல் போனால் ஏமாந்து போவாளே என்று. நல்ல எண்ணம்தான். இந்தக் கதையில் நான் செய்த எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

அவனை மலேசியாவிலிருந்து வரவழைக்கும் ஏற்பாடுகளையும் ஆரம்பித்துவிட்டேன். சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கினேன். பூப்போட்ட சட்டை ஒன்று எடுத்தேன். லீவில் இருக்கிற வரைக்கும் அவன் தினமும் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருக்குமாம். என் வீட்டுக்காரர் அவனைப் பூ வாங்கக் கூட்டிப்போகிற மாதிரி வண்டியில் கூட்டிப்போய் வருவதாக ஏற்பாடு. ஆபீசரைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆபீசர் என்றால் ஜீப்பில் வருவார், தெருவே எட்டிப் பார்க்கும் என்று பயந்து, பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து தினமும் சாயங்காலம் கேட்டில் நின்றேன். ஜீப் எதுவும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், முகம் பூரித்துப் போயிருந்தது. யாரோ ஒருவர் டீச்சர் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தாராம். எதிர்வீட்டு ஆன்ட்டிதான் கூட வந்து வீட்டைக் காட்டினாராம். ஆன்ட்டி பக்கத்தில் நிற்கும்போதே, அப்பா பெயரைச் சொல்லி, இந்தப் பெயரில் ஒருவர் உங்கள் சொந்தமா பாப்பா என்று அவர் கேட்டாராம்.

"அப்படி யாரும் எங்க வீட்டுல இல்ல, எங்களுக்குத் தெரியாதுன்னு கரெக்டாச் சொல்லிட்டேன் அத்தே. எங்கப்பா மலேசியாவுல இருக்காருன்னும் சொன்னேன். போயிட்டாரு" என்றாள்.

செத்துப்போனவரின் ஆட்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆள் எப்படி, முரடன் மாதிரி இருந்தானா என்று கேட்டேன். இல்லத்தே, வாத்தியார் மாதிரி இருந்தாரு, சட்டைப் பையில ரெண்டு பேனா வச்சிருந்தாரு என்றாள். ரெண்டு பேனா. அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வம்புக்கு வருகிறவன் எவனாவது ரெண்டு பேனாவோடு வருவானா? ஆனால் என் மண்டைக்குள் ஜீப் மட்டுமே நின்றுகொண்டிருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு, அப்படித்தான் சொல்லணும், என் தங்கம் என்றேன். அன்று சாயங்காலம் அவளுக்குப் பிடிக்கும் என்று குழிப்பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். எட்டுப் பணியாரம் தின்றாள்.

பத்து நாள் கழித்துத் தம்பி பேசினான். லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். விசாரிக்கப் போன இடத்தில், அப்படி ஒரு ஆளைத் தெரியவே தெரியாது என்று வீட்டில் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறதாம். என்னக்கா இது என்று கேட்டான். பிள்ளை அந்தப் பக்கம் உட்கார்ந்து ஹோம் ஒர்க் எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுத் தல்லாகுளத்தில், லீவுக்கு விசாரிக்கிறவர்களின் ஆபீசுக்குப் போனேன். அன்று வீட்டுக்கு வந்தவர் அங்கேதான் இருந்தார், சட்டைப் பையில் ரெண்டு பேனாவோடு. சண்டை போடலாம் என்று போனவளுக்குச் சண்டை போட ஒன்றும் இல்லை. மனுஷர் நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். என் நம்பருக்கு நாலு தடவை போன் செய்தாராம், யாரும் எடுக்கவில்லையாம். தெரு பயப்படக் கூடாது என்றுதான் ஜீப் கூட இல்லாமல் தன் வண்டியில் சாதாரணமாக வந்தாராம். ஜெயில் என்ற வார்த்தையை எதிர்வீட்டு அம்மா முன்னால் உச்சரிக்கக்கூட இல்லையாம். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டாராம்.

"பாப்பா ரொம்பத் தெளிவாச் சொல்லுச்சும்மா. ஒரு செகண்டு கூட யோசிக்கல. யோசிச்சிருந்தா நானே மறுபடி வந்திருப்பேன்" என்றார்.

அந்த ஆபீசில் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். நாற்பத்தெட்டு வயதில், முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால். திரும்ப எழுதிப்போடலாம், ஆனால் நாள் பிடிக்கும், அறிக்கை மேலே போய்விட்டது என்றார் அவர். சடங்குக்கு ஒன்பது நாள் இருந்தது. தேதியைத் தள்ளி வைக்க முடியாதா என்று கேட்டார். பத்திரிகை கொடுத்தாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று, தாய்மாமன் வண்டி பிடித்துவிட்டார் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் படியில் இறங்கி வரும்போது என் நெஞ்சுக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இனி அந்தப் பெட்டியை உருட்ட வேண்டாம், எதிர்வீட்டு அக்கா கேட்கிற கேள்விக்கு அவன் உளற மாட்டான், தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று ஒரு நிம்மதி. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தம்பியைப் பார்க்கத் தனியாகப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, யார் சொன்னது என்பதுதான். மாமா சொன்னாரா என்று என் வீட்டுக்காரரை இழுத்தான். அவன் உள்ளே ஒழுங்காக இருப்பது, பேசுவது, சாப்பிடுவது எல்லாம் அந்தப் பிள்ளை முகத்துக்காக. அவளே தன்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தால், அதை நான் எப்படி விளக்கினாலும் அவன் அதையேதான் நினைத்துக்கொண்டு கிடப்பான்.

"மாமா இல்ல. நான்தான் சொன்னேன்" என்றேன்.

என்னையே பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "சரிக்கா" என்றான். இன்னும் நேரம் இருக்கும்போதே எழுந்து போய்விட்டான்.

சடங்கன்று பிள்ளைக்கு அரக்குப் பட்டு. அவ்வளவு அழகாக இருந்தாள். அப்பாவால் வரமுடியாது போலிருக்கிறது என்று முந்தின நாளே சொல்லிப் பார்த்தேன், அவள் காதில் வாங்கவே இல்லை. மண்டபத்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், மாலைக்குள்ளிருந்து அவள் கழுத்து திரும்பும். எல்லோரும் துன்னூறு பூசி முடித்துக் கடைசியாக என் வீட்டுக்காரர் தட்டைக் கையில் எடுத்தபோது, கொஞ்சம் இருங்க மாமா என்றாள். அவர் தட்டோடு அப்படியே நின்றார். சமையல்காரர் பந்திக்கு நேரமாகிறது என்று வந்து சொன்னார். பிறகும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துவிட்டு அவளே குனிந்து நெற்றியைக் காட்டினாள்.

அப்பா வரலையா கண்ணு என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள். லீவு கிடைக்கலையாம் ஆன்ட்டி என்றாள் பிள்ளை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

அடுத்த மனுவுக்கு இருவரும் போனோம். தம்பி என்னை விசாரிக்கவில்லை. அவளிடம் மட்டும் பேசினான். ஏன்ப்பா வரலை என்று அவள் கேட்டதற்கு, அத்தைகிட்டக் கேளு என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அங்கே என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போலக் கோயிலுக்குப் போனோம், குங்குமம் வாங்கினோம், பஸ் ஏறினோம். அண்ணா பஸ் நிலையம் தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா வர வேணாம்னு நீங்கதான் சொன்னீங்களா அத்தே?"

இல்லை கண்ணு, அன்னைக்கு ரெண்டு பேனா வச்சுக்கிட்டு ஒருத்தர் வந்தாரே, அவர்தான் உங்கப்பாவைக் கூட்டிவர வந்தவரு. இதைச் சொன்னால் போதும், நான் தப்பித்துவிடுவேன். பிறகு அவள் வாழ்நாள் முழுக்க அந்த வாசல்படியிலேயே நிற்பாள். பதிமூன்று வயது. எட்டுப் பணியாரம் தின்றதுகூட அவளுக்கு ஞாபகம் வரும். தவிர, அன்றைக்கு அந்தப் பிள்ளை வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையதுதானே.

"ஆமா" என்றேன்.

அவள் எழுந்து போய் முன்னால் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கியபோது தெருமுனையில் எதிர்வீட்டு அக்கா கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கோயிலுக்கா என்று கேட்டாள். ஆமா ஆன்ட்டி, இன்னைக்குக் கூட்டமே இல்ல, நல்ல தரிசனம் என்று பிள்ளை சிரித்த முகமாகச் சொல்லி, காகிதத்தைப் பிரித்து அவளுக்குக் குங்குமம் நீட்டினாள். அக்கா எடுத்து வைத்துக்கொண்டதும் மீதியை மடித்து, என் முகத்தைப் பார்க்காமல் என் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.